உஷார்! கொரியாவில் 'சும்மா ஒரு மலை' என்று எதுவும் இல்லை

கோடை விடுமுறைக்குத் தென்கொரியா போக நினைக்கும் லண்டன் செவன் கிங்ஸ், இல்போர்ட் குடும்பங்களே, ரிக்கெட் போட முன்னர் தயவுசெய்து இதை வாசியுங்கள். கொரிய நாடகங்களில் ஊறிய பிள்ளைகளுக்காகச் சியோலில் அரண்மனைகள், கடைசி நாளில் சும்மா ஒரு மலை என்று திட்டம் போடுகிறீர்கள். அந்தக் கடைசி நாளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அரண்மனையில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. கியோங்போக்குங் செவ்வாயிலும் சாங்தொக்குங் திங்களிலும் பூட்டு. அவ்வளவுதான்.

மலை அப்படியல்ல. சியோலின் புகான்சன் மலையடிக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போய்விடலாம் என்பதால் அதைப் பூங்கா என்று நினைத்துவிடாதீர்கள். அதன் உச்சியான பெக்குன்டே 836 மீற்றர் உயரம். கடைசித் துண்டு மொட்டைக் கருங்கல் பாறை, இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். அது நனைந்தால் சாதாரணச் சப்பாத்து நிற்காது. ஜூன் கடைசியில் தொடங்கும் மழைக்காலம் ஜூலையிலும் நீடிக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் சூறாவளி வரலாம். எங்கள் பள்ளி விடுமுறையும் சரியாக அதற்குள்தான் விழுகிறது! வானிலை எச்சரிக்கை வந்து பாதையை மூடினால் திரும்பிவிடுங்கள். தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போகாதீர்கள்.

ஜேஜு தீவின் ஹல்லாசன் 1,947 மீற்றர், தென்கொரியாவிலேயே ஆக உயரமானது. சொங்பனாக் பாதையால் உச்சிக்கு ஒருவழி மட்டும் 9.6 கிலோமீற்றர். முன்பதிவு இல்லாமல் உச்சிக்கு விடமாட்டார்கள். நடுவழித் தங்குமிடத்தைக் குறித்த நேரத்துக்குள் கடக்காதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். பருவத்துக்கேற்ப மாறும் அந்த நேரம் நண்பகலை ஒட்டியே இருக்கும். காவலரிடம் கெஞ்சாதீர்கள். இருட்ட முன்னர் உங்களைக் கீழே இறக்கத்தான் அந்த விதி.

இங்கிலாந்திலேயே நடந்ததை நினையுங்கள். 2016 ஓகஸ்ட் 24ஆம் திகதி கேம்பர் சாண்ட்ஸ் கடலில் எங்கள் தமிழ் இளைஞர்கள் ஐந்து பேரைப் பறிகொடுத்தோம். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர் எவரும் இல்லை. லண்டனிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்திலேயே அது நடந்தது. மொழி தெரியாத நாட்டு மலையில் இன்னும் எவ்வளவு கவனம் வேண்டும்!

இன்னொன்று, மிக அவசரமானது. முழங்கால் நோவுக்கென்று அம்மா, அப்பா பையில் போடும் கோ-கோடமோல் குளிசையில் கோடீன் இருக்கிறது. இங்கே மருந்துக்கடையில் வாங்கலாம். கொரியாவிலோ கோடீன் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அந்நாட்டு உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறாமல் கொண்டுபோகாதீர்கள். விசாவையும் மறக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், பிரித்தானிய வதிவிட உரிமை கொரிய விசாவுக்கு ஈடாகாது. வெளிநாட்டுச் சிகிச்சைக்கான என்.எச்.எஸ்ஸின் ஜி.எச்.ஐ.சி. அட்டையும் அங்கே செல்லாது. பயணக் காப்புறுதியில் மலையேற்றமும் அடங்குகிறதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள்.

தேசியப் பூங்காப் பாதையோரக் கம்பங்களில் எண் எழுதியிருக்கும். கடந்துபோகும் ஒவ்வொரு கம்பத்தையும் படம் எடுத்துக்கொண்டே நடங்கள். விழுந்தாலோ வழி தவறினாலோ 119ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் மீட்புப் படைக்கு இடம் தெரிந்துவிடும். பயணிகளுக்கு ஆங்கிலத்தில் உதவும் எண் 1330. இரண்டையும் இன்றைக்கே பிள்ளைகளின் போனில் பதிந்துவிடுங்கள்.