காலைத் தொடுற வேலையா? – பாத மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும், தயங்கும் பெற்றோருக்கும்!

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து நண்பகல். எங்கள் ஊர்க் கோயிலின் வெளிப்பிராகாரத்தை வலம்வந்தார் அப்பா. வெயிலுக்காக விரித்திருந்த கயிற்றுப்பாயில் கூட்டமாக இருந்ததால், ஓரமாக இறங்கிக் கருங்கல் தரையிலேயே நடந்திருக்கிறார். உடன் போன அம்மா, 'ஐயோ, சுடுதே' என்று பாய்க்கு ஓடிவிட்டார். அப்பாவோ நிதானமாகச் சுற்றி முடித்து, பிரசாதமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று இரவு வீட்டுத் தரையில் ஈரமான கால்தடங்கள் இருப்பதை அம்மாதான் பார்த்தார். குளித்துவிட்டு வந்த ஈரம் என்று நினைத்துத் துடைக்கப்போனவர், அது தண்ணீரில்லை என்று கண்டுகொண்டார். அப்பாவின் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அதில் ஒன்று உடைந்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை!

அந்தப் புண் ஆறவில்லை. மூன்று வாரத்தில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு இன்னும் இரண்டு.

அப்பாவுக்கு அப்போது பதினொரு வருட சர்க்கரை நோய். மாதம் தவறாமல் டாக்டரிடம் போவார். ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். அந்தப் பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் 'செருப்பைக் கழற்றுங்க, காலைப் பார்க்கணும்' என்று சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

செருப்பைத் திருப்பிப் பார்த்த டாக்டர்

அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான், பாதத்துக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்குக்கு அப்பாவை அழைத்துப் போனோம். அப்போது எம்.பி.பி.எஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகளும் கூட வந்தாள்.

அந்த டாக்டர் முதலில் பார்த்தது ரிப்போர்ட்டை அல்ல, அப்பாவின் செருப்பை. திருப்பிப்போட்டு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு தூண்டில் நரம்பு மாதிரியான ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, 'தெரியுதாய்யா?' என்று கேட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழைக்கு 'மோனோஃபிலமென்ட்' என்று பெயர். அது தொடுவது தெரியவில்லை என்றால், காலுக்குப் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து அதிர்வை உணர முடிகிறதா என்று இசைக்கவையை வைத்துப் பார்த்தார். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தேடினார். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார்.

மொத்தம் பத்தே நிமிடம். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வெளியே வந்ததும் அண்ணன் மகள் சொன்னாள்: "அத்தை, இந்தப் பத்து நிமிஷம் முன்னாடியே கிடைச்சிருந்தா, தாத்தாவுக்கு விரல் இருந்திருக்கும்."

படிப்பு முடிந்ததும், அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு, அதற்குப் பிறகு பாத மருத்துவம் என்று முடிவெடுத்துவிட்டாள். வீட்டில் பெரிய பஞ்சாயத்து. 'ஸ்கின் டாக்டராகு, ரேடியாலஜி எடு' என்று கனவு கண்ட அண்ணி அழவே ஆரம்பித்துவிட்டார். "இவ்ளோ படிச்சிட்டு, ஊர்ல இருக்கிறவன் காலையெல்லாம் தொடுற வேலையா?"

அண்ணி மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடத் தெரிந்த நமக்கு, அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க மட்டும் கூச்சம். அந்தக் கூச்சத்தால்தான் இந்தத் துறையில் இத்தனை இடம் காலியாகக் கிடக்கிறது.

வேலூரிலிருந்து உலகத்துக்கு

இந்தத் துறைக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது பலரும் நம்பினார்கள். அப்படியில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே பெரும்பாலும் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். வலி என்பது நமக்கு இருக்கும் காவல்காரன். அவன் போய்விட்டால் முள், சூடு, கடிக்கும் செருப்பு எல்லாமே எதிரிதான். மரத்துப்போன பாதங்களுக்கு ஏற்ற மெத்தென்ற ரப்பர் செருப்புகளையும் அவருடைய குழு உருவாக்கியது.

1966-ல் அமெரிக்கா சென்ற பிராண்ட், அங்கே இதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவதைக் கண்டார். இன்று உலகம் முழுக்க சர்க்கரை நோயாளிகளிடம் 'தினமும் பாதத்தைப் பாருங்கள், வெறுங்காலில் நடக்காதீர்கள்' என்று சொல்வதற்குப் பின்னால், வேலூரில் கற்ற பாடமும் இருக்கிறது.

ஏன் இந்தத் துறை?

தேவை அதிகம்: இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு. சர்க்கரை நோயால் காலை இழப்பவர்களில் ஏறத்தாழ 85 சதவிகிதத்தினருக்கு அது ஒரு சாதாரணப் புண்ணில்தான் தொடங்குகிறது. புண்ணிலேயே பிடித்துவிட்டால், பலருடைய கால்களைக் காப்பாற்றிவிடலாம்.

பலனைக் கண்ணால் பார்க்கலாம்: கால் ஆணியோடு நொண்டி வந்தவர், அன்றே நேராக நடந்து போவார். ஆறு மாதம் ஆறாத புண், அழுத்தத்தைக் குறைத்ததும் வாரா வாரம் சுருங்குவதை அளந்தே பார்க்கலாம்.

மூளைக்கும் கைக்கும் வேலை: ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால், உடலின் மொத்த எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது! நரம்பு, ரத்தக்குழாய், தோல், எலும்பு, நடை, காலணி என எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டிய துறை இது. சர்க்கரை நோயாளிகள் மட்டுமல்ல. குதிகால் வலியோடு வரும் இல்லத்தரசி, தட்டைப்பாதம் உள்ள குழந்தை, ஓட்டப்பந்தய வீரர், சதைக்குள் நகம் வளர்ந்து தவிக்கும் கல்லூரி மாணவர் என எல்லா வயதினரும் வருவார்கள்.

குடும்பத்துக்கும் நேரம்: பெரும்பாலும் நேரம் குறித்து வரும் நோயாளிகள்தான். புண் திடீரென்று முற்றி ஓடிவரும் அவசரங்கள் உண்டு. ஆனாலும், பிரசவ மருத்துவர் மாதிரி நடு ராத்திரியில் அடிக்கடி எழுந்து ஓட வேண்டியிருக்காது.

எப்படிப் படிப்பது?

இங்கேதான் கவனம் தேவை. நம் நாட்டில் போடியாட்ரி, எம்.பி.பி.எஸ் மாதிரி பரவலான தனிப் பட்டப்படிப்பாக இன்னும் வளரவில்லை. டாக்டராக விரும்புபவர்கள் எம்.பி.பி.எஸ் முடித்து, பொது அறுவை சிகிச்சை, எலும்பு மருத்துவம் அல்லது பொது மருத்துவத்தில் மேல்படிப்பு படித்து, பிறகு சர்க்கரை நோய்ப் பாத சிகிச்சையில் ஃபெலோஷிப் பயிற்சி பெறுகிறார்கள். 'நீட்'டில் இடம் கிடைக்கவில்லையே என்று கலங்குபவர்களுக்கும் வழி இருக்கிறது. பிசியோதெரபி, நர்சிங், செயற்கை உறுப்பு மற்றும் உடல் தாங்கு கருவிகளுக்கான பி.பி.ஓ படிப்பு ஆகியவற்றின் வழியாகவும் பாதப் பராமரிப்புக் குழுவில் சேரலாம்.

இங்கிலாந்தில் இது மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. அரசின் பதிவு பெற்றவர்கள் மட்டுமே போடியாட்ரிஸ்ட் என்று போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகு நான்காண்டு டி.பி.எம் படிப்பு, அதன்பின் பொதுவாக மூன்றாண்டு ரெசிடென்சி. அங்கே அவர்கள் பாதத்தில் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். ஆனால், இந்த வெளிநாட்டுப் பட்டங்கள் இங்கே எம்.பி.பி.எஸ்ஸுக்கு இணையாகாது. திரும்பி வந்து இங்கே வேலை செய்ய நினைப்பவர்கள், கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதை யோசித்துவிடுங்கள்.

இது உங்களுக்கான வேலையா?

துர்நாற்றம், சீழ், அழுகிய புண் எல்லாம் தினமும் பார்க்க வேண்டிவரும். பத்து முறை சொல்லியும் வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போகும் தாத்தாவிடம், பதினோராவது முறையும் கோபப்படாமல் சொல்ல வேண்டும். சில கால்களை என்ன செய்தும் காப்பாற்ற முடியாது. அந்தச் செய்தியை நாம்தான் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். மருத்துவ வட்டத்திலும் சினிமாவில் வரும் இதய டாக்டருக்குக் கிடைக்கும் மவுசு இதற்கு உடனே கிடைக்காது. இதையெல்லாம் யோசித்த பிறகும் மனசு இதையே சொன்னால், தைரியமாக இறங்கலாம். முடிவெடுக்கும் முன் ஒரு நாள், அனுமதி கேட்டு ஒரு பாத சிகிச்சை கிளினிக்கில் ஓரமாக நின்று பாருங்கள். எந்தக் கவுன்சலிங்கும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை மேல்படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று, அப்பாவின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினாள். வாங்கியவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, மிச்சமிருக்கிற விரல்களின் இடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"தாத்தா, வீட்டுக்குள்ளயும் செருப்பு போடச் சொன்னேன்ல? போடலை போலிருக்கே..."

பக்கத்தில் நின்ற அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அப்பாவின் செருப்பை எடுத்துவந்து, அவர் காலடியில் வைத்தார்.