பட்டு நூலையும் பட்டுத் துணியையும் பேணும் முறை

தருமபுரி ஜில்லாவில் மல்பெரிச் செடி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்கள் பலர் உளர். அவர்கள் விளைவிக்கும் கூடுகள் தருமபுரி நகரத்திலுள்ள சர்க்கார் பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் விடப்படுகின்றன. 2004-ம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்த பின்னரும் இத்தொழில் இரு ஜில்லாக்களிலும் நடைபெற்று வருகின்றது. ஆயினும், கூட்டை விளைவிக்கத் தெரிந்த நம்மவருட் பலருக்கு, அதே பட்டு புடவையாகி வீட்டுப் பெட்டிக்குள் வந்தபின் அதனைக் காக்கும் வகை தெரிவதில்லை. கலியாணத்திற்காகக் கடன்பட்டு வாங்கிய புடவை, அக்கடன் தீருமுன்னரே மடிப்பில் இற்றுப்போவதைக் காண்பது அபூர்வமன்று.

பட்டின் இயல்பை அறிந்தால் அதைப் பேணும் வழி தானே விளங்கும். நல்ல கூடு ஒன்றிலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் நீளமுள்ள இழை அறாமல் வருவதுண்டு. அவ்விழையைச் சுற்றி ஒருவிதப் பசை படிந்திருக்கும். கச்சாப் பட்டின் எடையில் 100-க்கு 20 முதல் 30 பங்கு வரை இப்பசையே. சோப்பு நீரிற் கொதிக்க வைத்து இதை நீக்கிய பின்புதான் பட்டு மென்மையும் பளபளப்பும் அடைகின்றது. உள்ளிருக்கும் இழையோ, ஆட்டு மயிரையும் நமது தலைமயிரையும் போன்ற பொருளேயன்றிப் பருத்தியைப் போன்றதன்று. ஆகவே பருத்தித் துணியை வெளுக்க உதவும் காரச் சோடாவும் வெள்ளாவியும் பட்டுக்குப் பெருங்கேடு விளைப்பவை. வெளுப்புத் தூளை அறவே தொடலாகாது. அது இழையையே கரைத்துவிடும்.

சங்கங்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது நூலின் ஈரம். பட்டு, கைக்கு ஈரம் தோன்றாதபடியே தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வரை நீரை உறிஞ்ச வல்லது. உலர்ந்த எடை 100-க்கு 11 வீதம் ஈரத்தை வியாபாரத்தில் அனுமதிக்கிறார்கள். ஐப்பசி மழையில் நிறுத்து வாங்கிய நூலை மாசி மாதத்தில் நிறுத்தால் எடை குறையும். அதைக் கண்டு கிடங்குக் காவலர்மீது சந்தேகம் கொள்வது நியாயமன்று. நூல் வாங்கும்போதே ஈரத்தைச் சோதித்துக் கணக்கில் எழுதிவைப்பதே முறை. நூற் சிட்டங்களை ஆணியில் மாட்டாமல் வழுவழுப்பான கழியிலே தொங்கவிட வேண்டும். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாதபடி பலகைமேல் அடுக்கி, முன்பு வந்த நூலை முன்பே நெசவுக்குக் கொடுக்க வேண்டும். கிடங்கில் நூல் கெட்டால் அந்நஷ்டம் அங்கத்தினர் யாவரையும் சாரும்.

சில தறிகளில் சினேல் என்னும் பூமயிர் நூலும் பழக்கத்தில் உண்டு. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கம்பளிப்புழு என்பது பொருள். நூலின் தோற்றமும் அவ்வாறே. முறுக்கிய இரு இழைகளுக்கிடையே குறு மயிர்கள் பிடிபட்டிருப்பதால், இதை இழுத்தாலும் தேய்த்தாலும் மயிர் உதிரும். குளிர்ந்த நீரில் மெல்ல அமுக்கி எடுத்து, தொங்கவிடாமல் விரித்தே உலர்த்துக.

இனிப் புடவைக்கு வருவோம். கட்டிக் களைந்த புடவையை உடனே மடித்துவைத்தல் தவறு. வியர்வை உப்பு சாயத்தையும் இழையையும் ஒருங்கே அரிக்கும். வெயில்படாத காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் விரித்துவைத்த பின்னரே மடிக்க வேண்டும். துவைப்பது அவசியமாயின், முந்தானை ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று முதலில் பார்க்கவும். பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்துக. கல்லில் அடித்துத் துவைக்கும் வழக்கம் பட்டுக்கு ஏற்றதன்று.

அசல் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி முலாம் பூசியது. கந்தகம் கலந்த காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். ஆதலால் ரப்பர்ப் பொருள்களை அதனருகில் வைக்கலாகாது. பூச்சிக்கென இடும் அந்துருண்டையும் புடவையிற் படாதிருக்கட்டும். அதனைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைத்தல் நலம். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்குமாதலால், துவைத்த பழைய வெள்ளை வேஷ்டியிலே புடவையைச் சுற்றிவைக்க வேண்டும். அவ்வேஷ்டிக்குக் கஞ்சி போடலாகாது. கஞ்சியைத் தின்ன வரும் இராமபாணப் பூச்சி அதனோடு நில்லாது.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை புடவையை எடுத்து, பழைய மடிப்பை விட்டு வேறிடத்தில் மடித்துவைக்க வேண்டும். அப்போது மடிப்பில் இழை தேய்ந்திருக்கக் கண்டால், கிழியுமட்டும் காத்திராமல், இழைகோக்கத் தெரிந்த நெசவாளரிடம் உடனே காட்டுக.