முதலில் தோட்டா, பிறகு பேரல்

"அண்ணாச்சி, நல்ல ஜெர்மன் பேரலா ஒண்ணு போட்டு ரைஃபிள் செஞ்சிட்டா குறி தப்பாதுல்ல?" என்று கேட்டான் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போக ஆசைப்படும் தம்பி. பேரலை விடு, எத்தனை மீட்டர் சுடப்போகிறாய் என்றேன். ஐம்பது என்றான். பாதி விஷயம் அதிலேயே முடிந்தது.

50 மீட்டர் போட்டி என்றால் உலகமெங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டாதான். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887-இல் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் இதைச் சுட்டுத்தான். ஈயக் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. பெரிய தோட்டா, வேகமான தோட்டா என்றால்தானே நேராகப் போகும்? அதுதான் இல்லை. போட்டித் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். ஒலியைத் தாண்டிப் புறப்படும் .22 குண்டைக் காற்று மிகக் கடுமையாகப் பிடித்து இழுக்கும். அப்படி இழுபட்டுத் தாமதமாகிற நேரத்தில்தான் பக்கக்காற்று குண்டைத் தள்ளுகிறது. அதனால் வேகமான .22-தான் அதிகம் விலகும். கயத்தாற்றில் காற்றாலை சுற்றுகிற ஆடி மாதத்தை நினைத்துப் பார். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று போதும். 50 மீட்டரில் குண்டு 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவோ 10.4 மில்லிமீட்டர்.

இப்போது பேரலுக்கு வரலாம். 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய காலத்தில் கம்பெனிப் படையின் மஸ்கெட்டுகளுக்கு உள்ளே மரை, அதாவது சுருள் பள்ளம், கிடையாது. துளை 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69. குண்டு சுவரில் முட்டி மோதிக்கொண்டு வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதைப் பொறுத்து அதன் வழி. நூறு கெஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடித்தால் அது அதிர்ஷ்டம். கம்பெனிக்கென்று செய்த 'இந்தியா பேட்டர்ன்' மாடலில் பேரலையே 42 அங்குலத்திலிருந்து 39 ஆகக் குறைத்தார்கள். அதில் செலவும் மிச்சம், சுடுவதிலும் பெரிய நஷ்டமில்லை.

மரை போட்ட பேரல் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. .22-க்கு 16 அங்குலத்தில் ஒரு சுற்று. வெளியே வரும்போது நொடிக்கு ஏறக்குறைய 800 சுற்று. நீளமான குண்டுக்கு இது போதாது, மரை இன்னும் நெருக்கமாக வேண்டும். குண்டு எதுவென்று தெரியாமல் பேரல் வாங்கக் கூடாது என்பது இதனால்தான். பேரலின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே; .22-இன் கொஞ்சூண்டு மருந்து 20 அங்குலத்துக்குள்ளேயே தன் வேலையை முடித்துவிடும். தடிமனைப் பார். தடித்த பேரல் குறைவாக அதிரும். நீளம் பிடிக்கவில்லையென்று நீயாக அறுக்கவும் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு குறுக்கே வரும். ரைஃபிளைச் செய்வதும் லைசென்ஸ் உள்ளவரின் வேலை.

இனி, யாரும் காசு ஒதுக்காத இடம். .22 தோட்டாவில் தட்டினால் பற்றும் மருந்து அடிப்பாகத்து விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. தீப்பெட்டி ஊரான கோவில்பட்டிக்காரனுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். தீக்குச்சி மருந்தில் கண்ணாடித்தூள் சேர்ப்பதுபோல இதிலும் பல தயாரிப்பாளர்கள் சேர்க்கிறார்கள். ஒரு நாள் கலவைக்கும் மறுநாள் கலவைக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சுட்ட விளிம்புத் தோட்டாவை மறுபடி நிரப்பிச் சரிசெய்யவும் வழியில்லை. ஆகவே ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) என்றால் உன் பேரலுக்கு அது வேறு தோட்டா. ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாப்புவா, இங்கிலாந்தின் பர்மிங்காமில் எலி என்ற தோட்டாக் கம்பெனிகள் இதற்கென்றே சோதனைக் கூடம் வைத்திருக்கின்றன. வீரர் கொண்டுவரும் ரைஃபிளை அசையாமல் இறுக்கிப் பிடித்து, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்ப்பார்கள். ஒன்றில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். அடுத்ததில் அதே பேரல் சிதறடிக்கும். சேர்ந்து விழுந்த லாட்டை மொத்தமாக வாங்கிப் போவார்கள்.

"அப்போ பேரல்?" என்றான் தம்பி. நடுத்தரமானதாக ஒன்று வாங்கு. மிச்சப் பணத்தில் நாலைந்து லாட் தோட்டா வாங்கிச் சுட்டுப் பார் என்றேன்.