கூரைமேல் பனி

1922 ஜனவரி 28, சனிக்கிழமை இரவு. வாஷிங்டன் நகரில் ஓயாமல் பனி கொட்டி, இரண்டடிக்கு மேல் குவிந்து கிடந்தது. குளிருக்குப் பயந்து சினிமா மோகம் அடங்கிவிடுமா? நிக்கர்பாக்கர் என்ற கொட்டகையில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து படம் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். சுமார் ஒன்பது மணிக்குத் தட்டையான கூரை அப்படியே பால்கனிமேல் சரிந்தது. இரண்டும் சேர்ந்து ஜனங்களின் தலைமேல் விழுந்தன. 98 பேர் மாண்டார்கள்; 133 பேர் காயமடைந்தார்கள். கொட்டகை கட்டி ஐந்து வருஷம்கூட நிரம்பவில்லை!

பஞ்சு போன்ற பனிக்கா இவ்வளவு பாரம் என்று கேட்பீர்கள். புதுப் பனி லேசானதுதான். அதன்மேல் மழையும் பெய்து ஊறிவிட்டால் கல்லாய்க் கனக்கும். அதனால்தான் குளிர் நாடுகளில் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் இலையுதிர் காலத்திலேயே கூரையில் ஏறி விடுகிறார்கள். உத்தரங்களைச் சோதித்து, நீர் வடியும் துவாரங்களில் அடைத்திருக்கும் சருகுகளை அள்ளிப் போடுகிறார்கள்.

அடுத்த கவலை, தண்ணீர்க் குழாய். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவிகிதம் பருக்கிறது. குழாய்க்குள் அதற்கு இடம் ஏது? உறைந்த கட்டிக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, இரும்பே வெடித்துவிடும். பனி உருகும்போது கடை முழுவதும் வெள்ளம்! ஆகவே வெளிச் சுவரை ஒட்டி வரும் குழாய்களுக்குக் குழந்தைக்குப் போடுவதுபோல் கம்பளிச் சட்டை போடுகிறார்கள். விடுமுறைக்குக் கடையை மூடும்போது, சிக்கனம் என்று கணப்பை அடியோடு அணைப்பதில்லை. 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தீயணைக்கும் குழாய்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. கணப்பில்லாத கிடங்குகளில் அவற்றில் தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்து வைக்கிறார்கள். நெருப்புப் பற்றி முனை திறந்தால் காற்று வெளியேறும். பின்னாலேயே தண்ணீர் வரும்.

வாசற்படிக்கு மருந்து, நம் சமையலறைச் சரக்கான உப்புத்தான்! உப்புப் பட்டால் பனிக்கட்டி இளகும். வாடிக்கைக்காரர் வழுக்கி விழ மாட்டார். குளிர் மிகக் கடுமையானால் அதுவும் பலிக்காது. அப்போது மணல் தூவுவார்கள்.

நிக்கர்பாக்கர் விபத்தை விசாரித்தபோது, கூரை உத்தரங்களைச் சுவர்மேல் அமர்த்திய விதத்திலேயே குறை இருந்தது தெரிந்தது. பனி அதை அம்பலப்படுத்தியது, அவ்வளவுதான். ஒரு கடையில் குளிர்காலம் முழுவதும் எந்த விபரீதமும் நடக்கவில்லை என்றால், முன்னதாகவே யாரோ ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. உள்ளே ஜனங்கள் கவலையில்லாமல் சாமான் வாங்கிக் கொண்டிருப்பார்கள்.