பந்தக்கால் ஓரம் கிடந்த பெஞ்சு

எங்க ஊர் சுருளிப்பட்டி, திராட்சைப் பந்தலுக்குப் பேர் போனது. அந்தப் பந்தல் ஓரமெல்லாம் பழைய சொட்டுநீர்க் குழாய் சுருண்டு கிடக்கும். வருஷக்கணக்கில் வெயில் குடித்த குழாயைக் கையில் எடுத்தால் அப்பளமாய் நொறுங்குகிறது. புற ஊதாக் கதிர் பாலிமர்ச் சங்கிலியை அறுத்துவிடுவதுதான் காரணம். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போன துணுக்குக்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர். மண்ணில் கலந்துவிட்டால் யாரால் பொறுக்க முடியும்? நொறுங்குமுன்னே எடுத்துவிட வேண்டும்.

எடுத்து என்ன செய்ய? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தார்ச் சாலையில் சேர்த்துக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். நமக்கு ரோடு போட வசதியில்லை. உருக்கி, அச்சில் அழுத்திப் பலகையாக்கினால் பெஞ்சு செய்யலாமே!

முதலில் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும், பிவிசி மூழ்கும். மூழ்கியதை உருக்கிடாதீங்க, ஹைட்ரஜன் குளோரைடு புகை மூச்சை அடைக்கும். பூச்சிமருந்து டப்பாவும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் பலகைக்குத் தேக்கின் விறைப்பில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். கால்களை நெருக்கி வைக்காவிட்டால் நாளாக ஆகத் தொய்ந்துவிடும். (மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!)

ஒர்க்‌ஷாப்பில் நான் ஒரு பலகையை ரம்பத்தால் அறுத்தேன். தரையில் விழுந்த தூளைப் பார்த்ததும் திக்கென்றது. எதை ஒழிக்கக் கிளம்பினோமோ, அதையே நான் தயாரித்துக்கொண்டிருந்தேன்! வாசலில் கொட்டியிருந்தால் அடுத்த மழையில் வாய்க்காலுக்குப் போயிருக்கும். இப்போது கீழே சாக்கு விரித்துத்தான் அறுக்கிறேன். விழுந்த தூள் மறுபடியும் உருக்கும் சட்டிக்கே போகிறது.