பழைய காருக்கு விடை கொடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஐம்பது அறுபது வருடங்கண்ட மோட்டார்க் கார் ஒன்றை வீட்டுத் தாழ்வாரத்திலோ பின்வளவு மாமரத்தின் கீழோ வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உள. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்னும் பெயர்கள் நம்மவர்க்கு உறவினர் பெயர்களைப் போலப் பழக்கமானவை. இக்கார்களுட் சில இன்னும் செவ்வையாக ஓடுகின்றன. வேறு சில, ஒரு மாதம் தெருவிலும் இரண்டு மாதம் கராஜிலுமாகக் காலங் கழிக்கின்றன. இவ்விரண்டாம் வகைக் காருக்கு உடையவர்களாய், "இதனை வைத்திருப்பதா, கொடுப்பதா, கொடுப்பதாயின் எவ்வாறு கொடுப்பது?" என்று மனங் குழம்பி நிற்போரை எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். இக்கார்களை இத்துணைக் காலம் வைத்திருந்தமை பேதைமையன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1970களிலும் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, கையிலிருந்த காரைப் பேணுதலே புத்தியாயிற்று. பின்பு 1990இல் போர் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபொழுது, ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயிலே ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அந்நாளைய வழக்கம். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரமாகையால் அது பொறுத்தது. நோயாளரை ஆசுபத்திரிக்கும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது முதியோரைத் தென்மராட்சிக்குங் கொண்டு சென்ற கார்கள் இவை. அவற்றைக் கிழட்டு இரும்பு என்று இகழ்வோர் அந்நாட்களை அறியாதவர் போலும்.

எனினும் மண்ணெண்ணெய் தன் கூலியை வாங்காமற் போகவில்லை. முழுதும் ஆவியாகாத எண்ணெய் உருளைச் சுவரிலுள்ள மசகைக் கழுவி அடித்தொட்டியில் இறங்கி, அங்குள்ள எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்டன் வளையங்களும் தாங்கிகளும் தேயும். இன்று நீலப் புகை கக்கும் பல இயந்திரங்களின் நோய் அந்த ஆண்டுகளிலே தொடங்கியது.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. அதனால் நாடெங்கும் பழைய கார்களின் விலை ஏறிற்று. வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றவர் பலர். 2022இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றதையும், ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்ததையும் எவரும் மறந்திரார். தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரியோ மிக அதிகம். ஆயினும், "இனி வேறு கார் வாராது" என்று சொல்லிப் பழைய காருக்குப் பணங்கொட்டிய நியாயம் அன்றோடு தளர்ந்தது. ஆகவேதான் பல வீடுகளிலே இப்போது இந்தப் பேச்சு எழுகின்றது.

பேச்சைத் தொடங்குபவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. "இஞ்சாருங்கோ, போன மாதம் கிளச், இந்த மாதம் பிறேக். இன்னும் எவ்வளவுதான் இதுக்குக் கொட்டப் போறியள்?" என்பார். "இவ்வளவு செலவழிச்சுப்போட்டு இப்ப விக்கிறதோ?" என்பார் கணவர். இருவருள் எவர் சொல்வது நியாயம்?

கணவருடைய வாதம் செல்லாது. முன்பு செலவழித்த பணம் காரை வைத்திருந்தாலும் திரும்பாது, விற்றாலுந் திரும்பாது. அது கணக்கிலே சேரத்தக்கதன்று. இனிமேற் செலவாவது எவ்வளவு, அதனால் வரும் பயன் எவ்வளவு என்பனவே கேள்வி. மனைவியின் வாதமும் அரைவாசிதான் சரி. சென்ற மாதத்துச் செலவு அடுத்த வருடமும் வரும் என்பது நிச்சயமன்று. புதிய கிளச் போட்டாயிற்று என்றால் அது சில வருடங்கள் உழைக்குமன்றோ?

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். கார் இருந்தபடியே கொடுத்தால் 7 இலட்சம் ரூபா தருவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடித்தகரத்தை ஒட்டி, பிறேக்கையும் முன்சில்லு மூட்டுகளையும் புதுப்பிக்க 3 இலட்சம் வேண்டும். அவ்வாறு செய்தபின் விற்றால் எட்டரை இலட்சம் கிடைக்கும். விற்பதற்காகவே திருத்துபவர் ஒன்றரை இலட்சத்தை இழப்பார். ஆகவே, விற்பதென்று முடிவாயின் பெரிய திருத்தம் செய்யாமற் கொடுப்பதே மேல். வைத்திருந்து ஓட்டுவதாயின் கணக்கு வேறு. அந்த ஒன்றரை இலட்சத்தை ஒரு வருடத்திலே கழித்தால் அது பெரும் பாரம். ஐந்து வருடத்துக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு 30,000 ரூபாதான். அதனோடு வருடாந்தப் பராமரிப்பு, காப்புறுதி, பெற்றோல் ஆகியவற்றைக் கூட்டி, கோயிலுக்கும் சந்தைக்கும் வைத்தியரிடமும் முச்சக்கர வண்டியிற் போய்வரும் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்க. கிழமைக்கு ஒருமுறை மட்டும் வெளியே போகும் வீட்டிலே முச்சக்கர வண்டியே வெல்லும். நாள்தோறும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வீட்டிலே கார் வெல்லவுங் கூடும்.

இக்கணக்கிலே காரின் வயது மட்டுமன்று, ஓட்டுபவரின் வயதும் அடங்கியிருக்கின்றது. எழுபத்தைந்து வயதான ஒருவர், "இன்னும் ஐந்து வருடம் நானே ஓட்டுவேனா?" என்று தம்மைக் கேட்பது எளிதன்று. பல வீடுகளிலே காரை விற்க மனமின்மைக்கு உட்காரணம் இக்கேள்வியே எனலாம். பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு, "அப்பா, அந்தத் தகரத்தை வித்துப்போட்டு ஓட்டோவிலை போங்கோ" என்று தொலைபேசியிற் சொல்லும்போது, அவர் காதில் விழுவது காரைப் பற்றிய பேச்சன்று. பிள்ளைகள் இதனை அறிந்து பேசுதல் நன்று.

பழைய காரை வைத்திருத்தலே சிக்கனம் என்று வாதிட்டவரும் உளர். இங்கிலாந்தில் பாத் நகரிலே மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர் இதனை விளக்கி 1982இல் ஒரு நூலே எழுதினார். புதிய கார் முதற் சில வருடங்களிலே விலையில் வீழ்ந்துவிடுகின்றது. அந்த வீழ்ச்சியே காருடையவரின் மிகப் பெரிய செலவு. செம்மையாகத் திருத்திய பழைய காருக்கு அந்த நட்டமில்லை என்பது அவர் கொள்கை. அவரது முயற்சியோடு தொடர்புற்று இலங்கையிலும் மொறிஸ் மைனருக்குரிய தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அவர் சொன்னது திட்டமிட்டு ஒரு முறை முழுமையாகச் செய்யும் திருத்தத்தை. நம்மவர் செய்வதோ, நின்ற இடத்திலே நின்றதை மட்டுந் திருத்துவது. மின்பம்பி நின்றுவிட்டால் சாவியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி வீடு வந்து சேர்வதற்குப் பெயர் பராமரிப்பன்று.

பணக் கணக்குக்கு அப்பால், எக்காரணங் கொண்டும் ஒத்திவைக்கலாகாத சில பழுதுகள் உண்டு. மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் எண்ணெய் செல்வது ஒரே தொடர்பாலாகும். எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சில்லிலும் பிறேக் இல்லாது போய்விடும். மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. அதன் தலைமை உருளையோ சாரதியின் காலடித் தகட்டின் கீழே சட்டத்துக்குள் மறைந்திருப்பது. அதனை எட்டிப் பார்ப்பது சிரமமாகையால் எவரும் பார்ப்பதில்லை. முன்சில்லைத் தாங்கித் திரும்பும் மரை மூட்டுக்குக் கிறீஸ் இடாது விட்டால், மரை தேய்ந்து ஒருநாள் கழன்று சில்லு உட்புறமாக மடங்கிவிடும். இவற்றைத் திருத்த வசதியில்லாதவர், நல்ல விலை வரும்வரை காத்திராமல் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிடவேண்டும்.

நிறுத்துவது என்றதும் பலரும் செய்வது, மாமரத்தின் கீழே தள்ளிவிட்டு, "பிறகு பார்ப்பம்" என்பது. நம் நோக்கிலே எல்லா வழிகளிலும் தாழ்ந்தது இதுவே. முதல் மழைக்காலத்திலே சருகு அடைபட்ட இடங்களில் நீர் தங்கும். அடித்தகரம் கீழிருந்து உண்ணப்படும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இது இன்னும் விரைவு. இரண்டாம் வருடத்திற் பெற்றோல் பிசினாகிக் காபரேட்டரை அடைக்கும். பிறேக் உருளைகள் இறுகும். எலி கம்பிகளைக் கடிக்கும். கோழி பின்னாசனத்திலே அடைகாக்கத் தொடங்கியபின் அக்காரை மீட்டோர் சிலரே. இரண்டு வருடத்துக்கு முன் 7 இலட்சத்துக்குக் கேட்கப்பட்டதை இரும்பு விலைக்குக் கேட்கும் நாள் வந்துவிடும். விலையிலும் கொடியது, காரை விரும்பி ஓட்டியிருக்கக்கூடிய ஓர் இளைஞனுக்கு அது கிடையாமலே போவது.

ஆகவே கொடுப்பதாயின் ஓடும்போதே கொடுக்க. பழைய காரை விரும்பித் தேடுவோர் இப்போது உளர். திருமண ஊர்வலத்துக்கு அலங்கரித்து வாடகைக்கு விடுவோரும், வார ஓய்விலே தாமே கழற்றிப் பூட்டி மகிழும் இளைஞரும் இத்தகையோர். இவர்கள் தரகரிலுங் கூட விலை தரக்கூடும். தரகர் முதற் கேட்கும் விலையை விலையென்று கொள்ளாது, ஊரில் இதே காரை வைத்திருக்கும் இருவரையும், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் உசாவுதல் நலம். அந்த மெக்கானிக்கே வாங்க விரும்பினால் மட்டும் வேறொருவரிடங் கேட்க.

வாங்க வருபவருக்குப் பழுதை மறைக்கலாமா? ஓட்டை விழுந்த தகரத்தின் மேலே பசை பூசி நிறமடிப்பது இத்தொழிலிலே பழைய தந்திரம். தடித்த எண்ணெயை ஊற்றி இயந்திர ஓசையை ஒருநாளைக்கு அடக்குவதும் உண்டு. நிறமடித்த பசைக்கு மேலே ஒரு குடும்பம் ஏறி உட்காரப்போகின்றது. பழுதுகளை ஒரு தாளில் எழுதி, வாங்குபவருக்கு வாசித்துக் காட்டி, அதிலே இருவருங் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விலையில் சிறிது குறையலாம். ஆனால் பிறேக் பழுதென்று எழுதிக் கொடுத்த காரை எவரும் அப்படியே பரந்தனுக்கு ஓட்டிச் செல்லமாட்டார்.

ஓடாத காராயின், முழுதாக இரும்புக்காரனிடங் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுக்க. மொறிஸ் மைனர் ஏறக்குறைய 750 கிலோ நிறையுடையது. அத்தனையும் இரும்பாக நிறுத்தால் வருவது சொற்பம். செம்பும் பித்தளையுமான றேடியேற்றர், கதவுகள், கண்ணாடிகள், கியர்ப் பெட்டி, விளக்கு வளையங்கள் ஆகியவை இதே காரை ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குப் பொன்போன்றவை. கழற்றும்போது பழைய எண்ணெயையும் பற்றறி அமிலத்தையும் நிலத்தில் ஊற்றற்க. நமது நிலம் சுண்ணாம்புக் கல் நிலம். மேலே ஊற்றியது கிணற்றிலே இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமைபற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த பெருங் கவலையை நாம் கண்டவர்களே.

இனிப் பத்திரங்கள். கார் கைமாறுவது வேறு, உரிமை மாறுவது வேறு. உரிமை மாற்றப் படிவத்திலே திகதியிடாமற் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடும் வழக்கம் இந்நாட்டிலே பரவியிருக்கின்றது. வாங்கியவர் பதியாமலே இன்னொருவருக்கு விற்பார். அவர் வேறொருவருக்கு விற்பார். எங்கோ ஓரிடத்தில் விபத்து நேர்ந்து பொலிசார் இலக்கத் தகட்டைப் பார்த்தால், தேடி வருவது பதிவுப் புத்தகத்திலே பெயருள்ளவரையே. திகதியிட்டே கையொப்பமிடுங்கள், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களாகவே அறிவியுங்கள், வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியையும், காரைக் கொடுத்த திகதியையும் நேரத்தையும் எழுதிய இரசீதையும் கையில் வைத்திருங்கள். உடைத்து விற்ற காராயின் பதிவையும் இரத்துச் செய்விக்கவேண்டும். இரும்பான காரின் புத்தகத்தை மட்டுந் தனியே விலைக்குக் கேட்டு வருவோருண்டு. அப்புத்தகத்தின் பெயரிலே வேறெங்கோ பொருத்தப்பட்ட கார் ஒன்று ஓடும். எவ்வளவு தந்தாலும் கொடுக்கற்க.

இறுதியாக, கொடுக்கும் நாளிலே முன்தட்டின் பெட்டியையும் ஆசனங்களின் அடியையும் ஒருமுறை துழாவிப் பார்க்கவேண்டும். பழைய காப்புறுதிப் பத்திரங்களும், திருநீற்றுச் சரையும், அம்மாவின் மூக்குக்கண்ணாடியும் அங்கிருந்து வெளிப்படும். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, மேலதிகச் சில்லையும், யக்கையும், இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்பும் கைப்பிடியையும் மறவாமல் வாங்குபவரிடங் கொடுத்து, குளிர்ந்த காலையிலே அந்தக் கைப்பிடியை எந்தப் பக்கமாகப் பிடித்து இழுத்தால் கை முறியாது என்பதையுங் காட்டி அனுப்புங்கள்.