நவம்பர் ஒன்பது

முன்னோருக்குத் திதி கொடுப்பதானாலும் நாயன்மார்களுக்குக் குருபூஜை நடத்துவதானாலும், சந்திரனின் கலையையும் நட்சத்திரத்தையும் பார்த்தே நாள் குறித்துப் பழகிவிட்ட நமக்கு, ஆங்கில மாதத்துத் தேதி ஒன்று ஒரு தேசத்தின் மனத்தை நூறாண்டுகளுக்கு மேலாக அழுத்திக்கொண்டிருக்கக் கூடும் என்பது சற்று விசித்திரமாகவே தோன்றும். ஆனால் ஜெர்மனியில் 'நவம்பர் ஒன்பது' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், எந்த ஆண்டு என்று கேட்பவர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். ஜெர்மானியப் புரட்சித் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், சக்கரவர்த்தியின் ஆட்சி நீங்கிக் குடியரசு பிறந்ததும், ஹிட்லர் முதன்முதலாக அதிகாரத்தைப் பறிக்க முயன்று தோற்றதும், யூதர்களின் ஆலயங்கள் தீக்கிரையானதும், பெர்லின் மதில் திறந்ததும், 1848, 1918, 1923, 1938, 1989 ஆகிய ஆண்டுகளில் இந்த ஒரே தேதியில்தான். அந்நாட்டார் இதை விதியின் நாள் என்றே அழைக்கிறார்கள்.

விதியின் மேல் பாரத்தைப் போடுவதற்கு முன் சற்றே நிதானிக்க வேண்டும். ஆண்டுக்கு இருப்பவை முந்நூற்று அறுபத்தைந்து நாட்கள். உலகில் நடப்பவையோ கணக்கில் அடங்காத சம்பவங்கள். ஆகவே எந்தத் தேதியை எடுத்தாலும் அதன் தலையில் நாலைந்து பெருநிகழ்ச்சிகள் வந்து விழத்தான் செய்யும். பிரான்சில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றிய சதி தொடங்கியது 1799 நவம்பர் 9-ஆம் தேதி. மகாகவி இக்பால் பிறந்தது 1877-இல் அதே தேதி. ஜூனாகத் சமஸ்தானத்தின் நிர்வாகத்தை இந்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது 1947-இல் அதே தேதி. இவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட யாரும் முயல்வதில்லை. ஜெர்மனியின் நவம்பர் ஒன்பதோ வேறு ஜாதியைச் சேர்ந்தது: அதில் ஒரு பங்கு தற்செயல், மற்றொரு பங்கு மனிதர்கள் தாங்களே வலிந்து செய்துகொண்டது. எது எந்தப் பங்கு என்று பிரித்துப் பார்த்தால், விதிக்கு அதில் அவ்வளவாக வேலை இல்லை என்பது புலப்படும்.

1848, ஐரோப்பாவின் பல தேசங்களிலும் ஜனங்கள் தங்கள் மன்னர்களிடம் அரசியல் சாசனம் கேட்டுக் கிளர்ந்தெழுந்த ஆண்டு. பல ராஜ்யங்களாகச் சிதறிக் கிடந்த ஜெர்மானியர்களும் பிராங்க்பர்ட் நகரத்து பவுல் தேவாலயத்தில் தங்கள் முதல் தேசிய சபையைக் கூட்டினார்கள். அச்சபையின் அங்கத்தினருள் ஒருவரான ராபர்ட் புளூம், கொலோன் நகரத்து ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்து, லைப்சிக் நாடகசாலையில் ஊழியம் பார்த்து, பெரும்பாலும் தம் சொந்த முயற்சியால் கல்வி கற்று முன்னேறியவர். அவ்வாண்டு அக்டோபரில் வியன்னா நகரம் கலகத்தில் எழுந்தபோது, அந்நகரத்தாருக்கு வாழ்த்துச் செய்தி கொண்டுபோன அவர் அங்கேயே தங்கித் தடையரண்களில் நின்று போரிட்டார். நகரம் அரசுப் படைகளிடம் வீழ்ந்ததும் பிடிபட்டார். சபை அங்கத்தினர் என்ற முறையில் தமக்கிருந்த சட்டப் பாதுகாப்பை எடுத்துக்காட்டியும் பயனின்றி, நவம்பர் 9-ஆம் தேதி காலை சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த மரணம் இத்தேதியில் நேர்ந்ததற்கு ராணுவ நீதிமன்றத்தின் அவசரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

சரியாக எழுபது ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரில் தோல்வி நிச்சயமாகிவிட்ட நிலையில், கீல் துறைமுகத்து மாலுமிகள் தொடங்கிய கலகம் நகரம் நகரமாகப் பரவித் தலைநகரான பெர்லினை எட்டிற்று. சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் அப்போது பெல்ஜியத்தில் ஸ்பா என்னும் ஊரில், படைத் தலைமையகத்தில், முடி துறப்பதா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தார். காத்திருந்து பொறுமை இழந்த பிரதம மந்திரி மாக்ஸ் இளவரசர், சக்கரவர்த்தி முடி துறந்துவிட்டார் என்று அவருடைய சம்மதம் இல்லாமலேயே நவம்பர் 9-ஆம் தேதி நண்பகலில் அறிவித்து, தம் பதவியையும் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் எபர்ட்டிடம் ஒப்படைத்துவிட்டார். உண்மையான துறப்புப் பத்திரத்தில் சக்கரவர்த்தி கையெழுத்திட்டதோ, ஹாலந்தில் தஞ்சம் புகுந்த பிறகு, நவம்பர் 28-ஆம் தேதியன்று!

அதே பிற்பகல், பார்லிமெண்டு மாளிகையின் உணவுச்சாலையில் நீர்த்த சூப் அருந்திக்கொண்டிருந்தார் எபர்ட்டின் சகாவான ஷைடமான். இது அவரே பிற்காலத்தில் எழுதியது. வெளியே ஜனங்கள் வெள்ளமெனத் திரண்டிருக்கிறார்கள் என்றும், தீவிர சோஷலிஸ்டான கார்ல் லீப்னெக்ட் தம்முடைய குடியரசைப் பிரகடனம் செய்யப் போகிறார் என்றும் செய்தி வரவே, அவர் சூப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்று ஜன்னலருகே நின்று, முடியாட்சி வீழ்ந்தது, குடியரசு வாழ்க என்று முழங்கிவிட்டார். அதைக் கேட்ட எபர்ட் கடும் கோபம் கொண்டார். நாட்டின் ஆட்சிமுறையைத் தீர்மானிக்க வேண்டியது அரசியல் நிர்ணய சபையே அல்லாமல் தனி மனிதரின் வாக்கு அன்று என்பது அவர் கட்சி. இரண்டொரு மணி நேரத்தில் லீப்னெக்டும் அரண்மனைப் பக்கத்திலிருந்து சோஷலிஸ்டுக் குடியரசு ஒன்றைப் பிரகடனம் செய்தார். ஆக, ஒரே நகரில் ஒரே பிற்பகலில் இரண்டு குடியரசுகள் பிறந்தன. நிலைத்தது திட்டமின்றிப் பிறந்த முதலாவதே.

இதுவரை தேதிக்குத் தனி வாழ்வு ஏதும் கிடையாது. இனித்தான் அது மனிதர்களை ஆட்டிவைக்கத் தொடங்குகிறது. போர்க்களத்தில் தோற்காத சேனையை உள்நாட்டுத் துரோகிகள் முதுகில் குத்திவிட்டார்கள் என்று பொய் பரப்பியவர்களுக்கு, குடியரசின் பிறந்த நாளே துரோகத்தின் நாளாயிற்று. 'நவம்பர்க் குற்றவாளிகள்' என்பது அவர்கள் மேடைதோறும் உச்சரித்த வசை. 1923-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்னும் அளவுக்கு நாணயம் சீரழிந்து, ஆயுட்கால சேமிப்பெல்லாம் வெறும் காகிதமாகிப்போன சமயத்தில், புரட்சியின் ஐந்தாவது ஆண்டு நிறைவுக்கு முந்தின இரவு, மூனிக் நகரத்து பியர்ச்சாலை ஒன்றில் பவேரிய ஆட்சித் தலைவர் கார் பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் ஹிட்லர் ஆயுதம் தரித்தவர்களோடு புகுந்து, கூரையை நோக்கிச் சுட்டு, தேசியப் புரட்சி தொடங்கிவிட்டதாக அறிவித்தான். கார் கூட்டிய கூட்டமே நாளை நிர்ணயித்தது என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டு நிறைவின் உஷ்ணம் எல்லோர் மனத்திலும் இருந்தது என்பதும் உண்மை. மறுநாள் நண்பகலில் சுமார் இரண்டாயிரம் பேர் ஊர்வலமாகச் செல்ல, போலீஸார் சுட்டதில் ஊர்வலம் சிதறியது. இரு தரப்பிலுமாக இருபது பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வர் போலீஸார். ராஜத்துரோகக் குற்றத்துக்கு ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற ஹிட்லர், தீர்ப்புக்குப் பின் ஒன்பது மாதம்கூட நிறையாமல் வெளியே வந்துவிட்டான். நீதிபதிகளின் இந்தக் கருணைக்கு உலகம் கொடுத்த விலை பின்னால் தெரிந்தது.

ஆட்சிக்கு வந்தபின் ஹிட்லர் அந்தத் தோல்வியையே கட்சியின் மகோற்சவமாக மாற்றினான். ஆண்டுதோறும் நவம்பர் 8-ஆம் தேதி இரவு பழைய பியர்ச்சாலையில் சொற்பொழிவு, மறுநாள் பழைய வழியே ஊர்வலம். மாண்ட பதினாறு பேரின் சவப்பெட்டிகளை 1935-இல் எடுத்துவந்து மூனிக் நகரின் நடுவே மண்டபம் கட்டி வைத்தார்கள். தேசமெங்குமுள்ள கட்சித் தலைவர்கள் அந்நாளில் மூனிக்கில் கூடுவது நியமமாயிற்று. 1938-ஆம் ஆண்டின் கொடுமை அன்று நிகழ்ந்ததற்கு இந்த நியமமே வழி திறந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து நாட்டு யூதர்கள் பல்லாயிரவர் இரவோடிரவாக எல்லைக்கு விரட்டப்பட்டார்கள். அவர்களில் தன் பெற்றோரும் இருந்ததை அறிந்த ஹெர்ஷல் கிரின்ஸ்பான் என்ற பதினேழு வயதுப் பையன், பாரிஸில் ஜெர்மன் தூதரக அதிகாரி பொம் ராத் என்பவரை நவம்பர் 7-ஆம் தேதி சுட்டான். ராத் 9-ஆம் தேதி பிற்பகலில் இறந்தார். அந்தச் செய்தி மாலையில் மூனிக்கை அடைந்தபோது, தேசத்தின் ஒவ்வொரு மாகாணத்துக் கட்சித் தலைவனும் நகர மண்டபத்தில் ஒரே விருந்தில் உட்கார்ந்திருந்தான்! ஹிட்லர் ஏதும் பேசாமல் எழுந்து சென்றான், அவனுடைய பிரசார மந்திரி கோயபல்ஸ் பேசினான், பேச்சு முடிந்ததும் தலைவர்கள் தொலைபேசிகளை நாடி ஓடினார்கள். ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யூத ஆலயங்கள் நாசமாயின, கடைகள் சூறையாடப்பட்டன, சுமார் முப்பதாயிரம் ஆண்கள் டாக்காவ், பூக்கன்வால்டு, ஸாக்ஸன்ஹவுஸன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், இத்தனைக்கும் பிறகு, நேர்ந்த சேதத்துக்கு யூதர்களே பொறுப்பு என்று சொல்லி நூறு கோடி மார்க் அபராதமும் விதிக்கப்பட்டது. ராத் இறந்தது தற்செயலான நாளாக இருக்கலாம். அந்த நாளில் உத்தரவு இடுபவர்களும் நிறைவேற்றுபவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தது தற்செயல் அன்று.

தவறாத நியமம் பகைவனுக்கும் உதவக்கூடும் என்பதை மறு ஆண்டு ஒரு தச்சர் நிரூபிக்க இருந்தார். ஜார்ஜ் எல்ஸர் என்ற அவர், ஹிட்லர் நவம்பர் 8-ஆம் தேதி அந்தப் பியர்ச்சாலையில் பேசியே தீருவான் என்பதைக் கணக்கிட்டு, முப்பதுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே மறைந்திருந்து, மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்து, கடிகாரத்தோடு இணைத்த வெடிகுண்டை உள்ளே வைத்தார். 1939-இல் குண்டு குறித்த நேரத்தில், இரவு 9 மணி 20 நிமிடத்துக்கு வெடித்தது. ஆனால் பனிமூட்டத்தால் விமானப் பயணம் கைவிடப்பட்டு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால், ஹிட்லர் பதின்மூன்று நிமிஷங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தான். எட்டுப் பேர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து எல்லையில் பிடிபட்ட எல்ஸரை, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில், டாக்காவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். யாருடைய உதவியுமின்றி ஒரு தொழிலாளி செய்த இக்காரியத்தைச் சேனாதிபதிகளின் சதிகளுக்குச் சமமாக ஜெர்மானியர் மதிக்கத் தொடங்கியது நெடுங்காலத்துக்குப் பின்னரே.

அப்போருக்குப் பின் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்த ஜெர்மனியில், 1989-இல் பெர்லின் மதில் திறந்தது இந்தத் தேதியில் விழுந்ததோ ஓர் அதிகாரி காகிதத்தைச் சரிவரப் படிக்காததன் விளைவு. கிழக்கு ஜெர்மன் சர்க்கார் தன் பிரஜைகளின் கிளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிரயாண விதிகளைத் தளர்த்த முடிவு செய்தபோது, அச்செய்தியை நவம்பர் 10-ஆம் தேதி அதிகாலை நான்கு மணிக்கே வெளியிடுவது என்றுதான் ஏற்பாடு. அதற்குள் எல்லைக் காவலர்களுக்கு உத்தரவு போய்ச் சேர்ந்துவிடும், மக்களும் அனுமதி கோரி வரிசையில் நிற்பார்கள் என்பது எண்ணம். ஆனால் ஆலோசனையில் கலந்துகொள்ளாத கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, முந்தின மாலை நிருபர்கள் கூட்டத்தின் முடிவில் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, எப்போதிலிருந்து என்று அவர்கள் கேட்க, கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துத் தடுமாறி, தமக்குத் தெரிந்தவரை உடனேதான் என்று விடையளித்துவிட்டார். மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி அதை எட்டு மணிச் செய்தியில் சொன்னது. ஆயிரமாயிரம் ஜனங்கள் எல்லைச் சாவடிகளுக்குத் திரண்டார்கள். மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு கிடைக்காமல் தவித்த போர்ன்ஹோல்மர் வீதிச் சாவடி அதிகாரி ஹரால்டு யேகர், இரவு பதினொன்றரை மணி அளவில், நெரிசலில் உயிர்ச்சேதம் நேரும் என்று அஞ்சித் தடையை நீக்கிவிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளாக நின்ற மதில் இப்படித் திறந்தது.

அடுத்த ஆண்டு இரு ஜெர்மனிகளும் இணையவிருந்த வேளையில், மதில் திறந்த நாளையே தேசியத் திருநாளாகக் கொள்ளலாமே என்ற யோசனை எழுந்தது இயல்பே. ஆனால் 1938-இல் ஆலயங்கள் எரிந்த அதே நாளில் கொண்டாட்டம் நடத்துவது எப்படி? ஆகவே, தெளிந்த புத்தியோடு, சரித்திரச் சுமை இல்லாத ஒரு நாளை நாடினார்கள். இணைப்பு உடன்பாட்டைத் தெரிவிக்க வேண்டியிருந்த வெளிநாட்டு மந்திரிகளின் மகாநாடு அக்டோபர் 2-ஆம் தேதி முடிகிறது. கிழக்கு ஜெர்மனியின் நாற்பத்தோராவது பிறந்த நாள் அக்டோபர் 7-ஆம் தேதி வருகிறது. அதைக் கொண்டாட நேர்வதற்கு முன்பே இணைந்துவிட வேண்டும் என்ற கணக்கில் அக்டோபர் 3-ஆம் தேதியைத் தேர்ந்தார்கள். அந்தத் தேதியும் முற்றும் வெறுமையானதன்று: 1923 நவம்பரில் ஹிட்லரின் சதி நடந்தபோது பிரதம மந்திரியாக இருந்து, அதே மாதத்தில் புது நாணயம் வெளியிட்டுப் பணவீக்கத்தை அடக்கியவரும், பின்னர் பிரான்சுடன் சமாதானம் பேணியதற்காக நோபல் பரிசு பெற்றவருமான குஸ்டாவ் ஸ்ட்ரெஸமான் காலமானது 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதியன்று.